அம்மாவின் கண்புரை ஆபரேஷன்: நாலு மாதம் பொறுத்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்குமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

“அம்மாவுக்கு 67 வயது. அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில்) 22 வருடம் வேலை பார்த்தவர். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது, இடது கண்ணில் ஆரம்பம் என்று நாகர்கோவிலில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு 5 லட்சத்துக்கு ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி இருக்கிறது, எடுத்து 20 மாதம் ஆகிறது. எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் எங்கள் அத்தான்தான், அன்றைக்கு எல்லாம் கிடைக்கும் என்றார். இப்போது ஆஸ்பத்திரி கவுண்டரில் 24 மாதம் முடியாமல் பணம் வராது என்கிறார்கள். ரேட் தாளில் ஒரு கண்ணுக்கு 24,000, 42,000, 78,000 என்று மூன்று லென்ஸ் போட்டிருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், அம்மைக்கு நல்லதாகவே வைப்போம், 78,000 லென்சே வை என்கிறான். கண்ணில் ஓலை பட்டு புரை வந்தது என்று டாக்டரிடம் எழுதி வாங்கினால் இப்போதே பணம் கிடைக்கும் என்று அத்தான் சொல்கிறார். நாலு மாதம் பொறுக்கவா, இப்போதே செய்யவா? பின்குறிப்பு: மூன்று வருடம் முன்பு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் அம்மாவுக்குப் புரை தொடங்கியிருக்கிறது என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள், நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அம்மாவுக்கு 8 வருடமாகச் சுகர் மாத்திரையும் உண்டு. இதெல்லாம் பிரச்சினையா?”

சகோதரி, உங்கள் கேள்வியை விட அந்தப் பின்குறிப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் 19 வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக மருத்துவக் கிளெய்ம், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிற கோரிக்கை, பார்த்தவன், இப்போது நோயாளிகள் பக்கம் உட்கார்ந்து அதே தாள்களைப் படிக்கிறேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வலது கண்ணுக்குக் காப்பீட்டுப் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நாலு மாதம் பொறுத்தாலும் அந்தப் பணம் வருவது உறுதியில்லை. வந்தாலும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வராது. அதற்காக அம்மா ஒரு கண்ணோடு படி இறங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கவுண்டரில் சொன்ன 24 மாதக் கணக்கு சரிதான். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று மாதிரி சில சிகிச்சைகளுக்குப் பாலிசி எடுத்த நாளில் இருந்து குறிப்பிட்ட காலம் முடிந்த பிறகுதான் பணம் தருவார்கள், உங்கள் பாலிசியில் கண்புரைக்கு அது 24 மாதம். ஆனால் பாலிசியில் இன்னொரு காத்திருப்புக் காலமும் இருக்கிறது, கவுண்டரில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கு உங்கள் முகாம் சீட்டைப் பற்றித் தெரியாது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கான காலம் அது. 2024-இல் வந்த விதிப்படி அதிகபட்சம் 36 மாதம் வரை நிறுவனம் அதை வைக்கலாம். ஒரே நோய் இரண்டு பட்டியலிலும் விழுந்தால் எது நீளமோ அதுதான் செல்லும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும்.

அப்படியானால் அம்மாவின் புரை ‘முன்பே இருந்த நோய்’ ஆகுமா? பலரும் குழம்புகிற இடம் இது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதோ, சிகிச்சை எடுத்ததோ, எடுக்கச் சொல்லி ஆலோசனை கொடுத்ததோ இருந்தால்தான் அது முன்பே இருந்த நோய். கண் மங்கலாக இருந்தது, ஆனால் டாக்டரிடம் காட்டவே இல்லை என்றால் அந்த வரையறைக்குள் வராது. உங்கள் வீட்டில் கணக்கு வேறு. முகாம் நடந்து மூன்று வருடம், பாலிசி எடுத்து 20 மாதம், அதாவது பாலிசிக்கு 16 மாதம் முன்பே புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார், சீட்டும் இருக்கிறது. நிறுவனம் கேட்டால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது நீங்கள் எண்ண வேண்டியது 24 அல்ல, 36. உங்கள் நாலு மாதம் 16 மாதம் ஆகிவிடுகிறது.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் என்ன என்று யாராவது சொல்வார்கள், ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். சீட்டு போனாலும் முகாம் நடத்தியவர்களின் பதிவேட்டில் பெயர் இருக்கும். அதை விட முக்கியம், முதல் நாள் டாக்டரிடம் அம்மா வாயால் சொன்னது ஓ.பி. சீட்டில், அதாவது வெளிநோயாளி சீட்டில், ஏறியிருக்கும். கிளெய்ம் பார்க்கிறவர் முதலில் எடுத்துப் படிப்பது அந்தச் சீட்டைத்தான்.

இந்த ஓ.பி. சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மற்ற வாசகர்களுக்கும் உதவும். புதுக்கடைப் பக்கம் ஒரு பெரியவர், பாலிசி எடுத்து 27 மாதம் ஆனவர், 24 மாதம் தாண்டிவிட்டதே என்று தைரியமாக ஆபரேஷன் செய்தார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். ஓ.பி. சீட்டில் மேல் வரியிலேயே, வலது கண் பார்வை மங்கல், 3 வருடமாக, என்று பேனாவால் எழுதியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “மூணு வருசமாட்டு மங்கலுதான்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சாரே, அவங்க அப்படியே எழுதிட்டாங்க” என்றார். அவர் அதற்கு முன்பு எந்தக் கண் டாக்டரையும் பார்த்ததே இல்லை, கண்ணாடிக் கடையில் பவர் மாற்றியதோடு சரி. வரையறையை எடுத்துக்காட்டி, முதல்முறை புரை என்று கண்டுபிடித்த தேதியை டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, நிறுவனத்துக்கு மறுபடி எழுதிப் பணத்தை வாங்க ஏழு மாதம் ஆனது. அதனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது எவ்வளவு நாளாக என்று கேட்டால் உண்மையை யோசித்துச் சொல்லுங்கள், ரெண்டு மூணு வருசம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லாதீர்கள், எழுதிய பிறகு சீட்டை வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள். அவருக்குச் சொல்வதற்கு உண்மை இருந்தது, அதனால் பணம் வந்தது. உங்கள் அம்மா விஷயத்தில் உண்மை வேறு மாதிரி இருக்கிறது, அதை மாற்ற முயற்சி செய்யாதீர்கள்.

அத்தான் சொன்ன ஓலை யோசனைக்கும் இதே பதில்தான். விபத்தால் வந்த புரைக்கு அந்த 24 மாதக் காத்திருப்பு கிடையாது, அவர் அதை வைத்துத்தான் சொல்கிறார். ஆனால் அடிபட்டு வருகிற புரையும் வயதாகி வருகிற புரையும் கண் டாக்டரின் விளக்கு வெளிச்சத்தில் பெரும்பாலும் வேறு வேறாகத் தெரியும், அதோடு அம்மாவின் இடது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, ஓலை இரண்டு கண்ணிலுமா பட்டது என்று முதல் கேள்வியே வரும். சந்தேகம் வந்தால் விசாரிக்க ஆளே வீட்டுக்கு வருவார், பக்கத்து வீட்டில் கேட்பார், அம்மாவிடமே கேட்பார். பொய் என்று தெரிந்தால் போவது இந்த ஒரு கிளெய்ம் மட்டும் இல்லை, பாலிசியையே ரத்து செய்துவிடலாம், கட்டிய பிரீமியமும் போகும். 67 வயதில், சுகரோடு, நாளைக்கு நெஞ்சுவலி என்று ஓடும்போது அந்த 5 லட்சம் இல்லாமல் நிற்பீர்கள். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அத்தான் சொல்லியிருப்பார், அவரோடு சண்டை வேண்டாம். வேண்டாம் அத்தான் என்று சொல்லி விட்டுவிடுங்கள்.

சரி, கண் காத்திருக்குமா? இதை நானோ அத்தானோ சொல்ல முடியாது, கண் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “இந்தக் கண்ணை எத்தனை மாதம் தள்ளிப்போடலாம், தள்ளினால் என்ன ஆபத்து?” பொதுவாகக் கண்புரை அவசர ஆபரேஷன் இல்லை, ஒன்றிரண்டு மாதம் தள்ளுவதால் பார்வை போய்விடாது. ஆனால் நன்றாக முற்றிய புரை வேறு விஷயம். புரை பழுத்துப் பழுத்து கண்ணில் இயற்கையாகவே உள்ள லென்ஸ் வீங்கினாலோ கசிந்தாலோ கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், கண் சிவந்து தாங்க முடியாத வலி வரும், வாந்தி கூட வரும், அப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அந்த அழுத்தம் நரம்பைக் கெடுத்துவிட்டால் போன பார்வை திரும்பாது. புரை பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்து ஆபரேஷனுக்குப் பொருந்தியது, இன்றைக்கு உள்ள முறைகளில் புரை கல்லாக இறுகினால் டாக்டருக்குத்தான் வேலை கடினமாகிறது. அப்புறம் சுகர். சுகர் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும், முற்றிய புரை அதை மறைத்துவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போகும். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் எனக்கு வலது கண்ணைச் சீக்கிரம் செய்துவிடுவதுதான் நல்லதாகப் படுகிறது.

இனி பணம். ஆரோக்கிய சஞ்சீவனி எல்லா நிறுவனமும் ஒரே விதிகளோடு விற்கிற பாலிசி, அதனால் கணக்கு சுலபம். கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. உங்கள் 5 லட்சத்தில் 25 சதவீதம் 1,25,000, ஆகவே உச்சவரம்பு 40,000. அதிலும் 5 சதவீதம் நம் கையில் இருந்து. 16 மாதமும் பொறுத்து, எல்லாம் சரியாகி, கிளெய்ம் பாஸ் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். 24,000 லென்சுக்கு ஏறக்குறைய 22,800 வரும், அதிலும் கையுறை, பதிவுக் கட்டணம் என்று சில்லறையாகக் கொஞ்சம் கழிப்பார்கள். 78,000 லென்சுக்கு அதிகம் போனால் 38,000 வரும், மீதி 40,000 நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அந்த 78,000 லென்ஸ் என்பது அநேகமாக மல்டிஃபோகல், தூரமும் பக்கமும் கண்ணாடி இல்லாமல் தெரிய வைப்பது. 24,000, 42,000 இரண்டும் பெரும்பாலும் மோனோஃபோகலாக இருக்கும், தூரம் தெளிவாகத் தெரியும், பத்திரிகை படிக்க, அரிசியில் கல் பொறுக்க ஒரு கண்ணாடி போட வேண்டும். இந்தக் கண்ணாடியைத் தவிர்ப்பதற்கான செலவு மருத்துவத் தேவை இல்லை என்று சொல்லித்தான் நிறுவனங்கள் மல்டிஃபோகலுக்கு வெட்டுகிறார்கள். பணத்தை விடுங்கள், உங்கள் அம்மாவுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. மல்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையும், இரவில் எதிரே வருகிற வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சுகரால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வார்கள். அண்ணனிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கிறவருக்கு அம்மாவுக்காகச் செய்ய முடிவது பணம் அனுப்புவதுதான், அதனால் விலை கூடியதே நல்லது என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. விழித்திரையைப் பார்த்த பிறகு, எந்த லென்ஸ் பொருந்தும், 24,000-க்கும் 42,000-க்கும் பார்வையில் என்ன வித்தியாசம் என்று டாக்டரிடம் கேளுங்கள், முடிந்தால் அண்ணனை போனில் போட்டுக்கொண்டே கேளுங்கள்.

ஆனால் 24,000 கூடச் செலவு செய்யாமல் முடிக்க வழி இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷனும் லென்சும் இலவசம். நாட்டில் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கியது, இந்த ஆபரேஷன் அதன் முதன்மையான வேலைகளில் ஒன்று. அதே 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் திருநெல்வேலியில் கிளை இருக்கிறது, கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு இரண்டும் உண்டு. ஒரு காலத்தில் வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்த லென்சை 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொடங்கிச் செய்ய ஆரம்பித்ததால்தான் விலை இந்த அளவுக்கு இறங்கியது. இலவசம் என்றால் மட்டமான லென்ஸ் என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது, எனக்கு அந்தப் பயம் இல்லை, என் சொந்த மாமியாருக்கு அரசு ஆஸ்பத்திரியில்தான் வைத்தோம், இன்றைக்கும் ஊசியில் அவரே நூல் கோக்கிறார், கண்ணாடி போட்டுத்தான்.

இன்னொரு விஷயம். அம்மா அண்டி ஆபீசில் 22 வருடம் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தார்களா? பழைய கார்டு பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயது வந்து வேலையில் இருந்து நின்றவர்கள் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு 120. நம் மாவட்டத்தில் அண்டி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற எத்தனையோ அம்மாமார்களுக்கு இது தெரியவே தெரியாது, நான் பார்க்கிற வீட்டில் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஓய்வு வயதுக்கு முன்பே தானாக நின்றிருந்தால் சிக்கல் வரலாம், நின்ற தேதியைக் கம்பெனியிடம் எழுதி வாங்கி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் காட்டுங்கள்.

இனி சுகர். பாலிசி எடுக்கும்போது கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல் பாலிசிப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும், இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். அதில் நீரிழிவு என்ற கேள்விக்கு நேரே ஆம் என்று இருக்கிறதா, இல்லை என்று இருக்கிறதா? நான் பார்த்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ஏஜென்டே நிரப்பி எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டிருப்பார், வீட்டுக்காரர்கள் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். ‘இல்லை’ என்று இருந்தால், வருகிற புதுப்பித்தலுக்கு முன்பே சுகரையும் முகாமில் சொன்ன புரையையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், மெயிலில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். பிரீமியம் கூடலாம், புதிதாகக் காத்திருப்புக் காலம் போடலாம், பாலிசியைத் தொடர மாட்டோம் என்று சொல்லும் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. என்றாலும் தொடர்ந்து 60 மாதம் ஓடாத பாலிசியில், நோயை மறைத்தீர்கள் என்று காரணம் காட்டிக் கிளெய்மை நிராகரிக்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. அந்த நிராகரிப்பு ஐ.சி.யூ. வாசலில் வருவதை விட இப்போது ஒரு மெயிலில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

புதுப்பிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ரசீதில் அந்த வரி ஏறியிருக்கக் கூடாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும், சட்டென்று கூடியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தேதியைத் தவற விடாதீர்கள். 30 நாள் சலுகை உண்டு, அதையும் தாண்டினால் இதுவரை எண்ணிய மாதங்கள் எல்லாம் வீணாகி மறுபடி ஒன்றில் இருந்து தொடங்க வேண்டும்.

இந்த பாலிசி உங்களுக்கு உதவப் போவது இடது கண்ணுக்கு. அது இப்போதுதான் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், 16 மாதம் கழித்துச் செய்தாலும் போதும் என்று அவர் சொல்வாரானால், அதற்குள் 36 மாதம் முடிந்துவிடும். நீங்கள் தெரிவித்த பிறகு நிறுவனம் வேறு தேதி சொன்னால் அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்புரைக்கு 24 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை, காலையில் போய் மாலையில் திரும்பினாலும் கிளெய்ம் செல்லும். 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கேஷ்லெஸ் என்றால், அதாவது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுகிற முறை என்றால், ஆஸ்பத்திரி அனுப்பிய கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாளில் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பிந்தைய 60 நாள் சொட்டு மருந்து, டாக்டர் பீஸ் எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள், நிறையப் பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நிராகரித்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், அதிலும் தீராவிட்டால் ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வலது கண் ஆபரேஷன் எங்கே நடந்தாலும், லென்ஸ் டப்பாவில் இருந்து உரித்து டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள். லென்சின் பெயர், பவர், வரிசை எண் எல்லாம் அதில்தான் இருக்கும். கிளெய்ம் போடாவிட்டாலும் அது வேண்டும், இடது கண்ணுக்குப் பவர் கணக்குப் போடும்போது டாக்டர் இதைக் கேட்பார், அந்தக் கிளெய்மில் நிறுவனமும் இடது கண்ணுக்கு உள்ள ஸ்டிக்கரைக் கேட்கும். முகாம் சீட்டு, ஓ.பி. சீட்டு, இந்த ஸ்டிக்கர் ஒட்டிய தாள், நிறுவனத்தின் பதில் மெயில், நாலையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். விண்ணப்ப நகல் கிடைத்ததும் அந்தக் கேள்விப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நிறுவனத்துக்கு என்ன எழுதலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.